சைடு பாக்ஸுக்கு சம்ப்ரோட்சணம்

ராஜகுளத்தில் வாசலில் குந்தி ஒருவன் உப்புத்தாளைக் கையில் எடுத்தால் போதும், தெருவே ஆலோசனைக் குழுவாகிவிடும். ஆயுத பூஜை நெருங்குகிறதே என்று பைக்கின் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கழற்றி வைத்தேன். வாங்கியபோது நல்ல கறுப்பு. வெயிலில் நின்று நின்று, விபூதி பூசிய பண்டாரம் மாதிரி வெளுத்துவிட்டன.

"தேங்கா எண்ணெ தடவு தம்பி, கண்ணாடியா மின்னும்" என்றார் எதிர்வீட்டுப் பெரியப்பா. மின்னும்தான், அடுத்த ஜல்லி லாரி புழுதி கிளப்பிப் போகும்வரை. செருப்பு பாலிஷ் கட்சியும் வந்தது. முதல் மழையில் அந்தக் கறுப்பு பெட்டியைவிட்டு வேட்டிக்குக் குடிபெயரும். மூன்றாவது, நெருப்புக் கட்சி. சூடான காற்றைக் காட்டினால் கறுப்பு திரும்புவது உண்மை. சற்று அதிகமானால் மூடி ஒரு பக்கமும் பூட்டு இன்னொரு பக்கமும் பார்க்கும்.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கால் ரேகைபோல் சின்ன எழுத்துகள்: மூடியில் ஏபிஎஸ், அடிப்பெட்டியில் பிபி. ஒரே வீட்டில் இரண்டு சம்பந்தி வீட்டார்! ஏபிஎஸ் சாது, தேய்த்துவிட்டால் பெயின்டை ஏற்றுக்கொள்ளும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன், எதையும் ஒட்டவிடாது. 1954-ல் இத்தாலியின் நாட்டா இதை ஒழுங்குபடுத்தி உருவாக்கினார். 1963-ல் ஜெர்மனியின் சீக்லரோடு சேர்ந்து வேதியியல் நோபலும் வாங்கினார். அவ்வளவு பெரிய இடத்துச் சம்பந்தம் உள்ள பிளாஸ்டிக், என் ஸ்பிரே டப்பாவை மதிக்குமா? அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடித்தால்தான் மேல் பூச்சு நிற்கும்.

எந்த நிறம் என்பதில் வீட்டில் சண்டை. பக்கத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்து (919, 921) ஓலைச்சீட்டு எடுத்து ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைச் சட்டம் இருக்கும்போது நமக்கென்ன கவலை? சொம்பில் சீட்டுப் போட்டோம். அந்தக் காலத்தில் ஓலை எடுத்தது ஒரு சிறுவன். இங்கே என் மகன். வந்தது மேட் பிளாக். மீதிச் சீட்டுகளிலும் மேட் பிளாக்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது, விசாரணை நடக்கிறது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு நிற்கக்கூடாது என்கிறது அதே கல்வெட்டு. பெயின்ட் கடை பில்லை என் மனைவி கேட்டது அந்த மரபில்தான்.

உண்மையான வேலை பெயின்ட் அடிப்பதல்ல, அதற்கு முந்தையது. பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை கழுவி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, 400-ம் நம்பர், பிறகு 600 என்று தேய்த்து, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஆலோசனைக் குழுவில் ஒருவரும் தேய்க்க வரவில்லை. பிறகு டப்பாவை உள்ளே குண்டு கலகலக்கக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக, காயக் காய அடிக்க வேண்டும். ஈரக்காற்று நாளில் அடித்தால் பூச்சு பால்போல் வெளுக்கும். ஆயுத பூஜையோ மழைக்காலத்தை ஒட்டித்தான் வரும். தொட்டால் ஒட்டாத பெயின்ட்கூட முழுதாக இறுக நாளாகும் என்பதை அம்மா ஏற்கவில்லை. சந்தனம் வைத்த கையோடு கட்டைவிரல் ரேகையையும் பதித்துவிட்டார்கள்.

நீங்களும் இறங்குவதாக இருந்தால் முதலில் பெட்டியைக் கவிழ்த்து எழுத்தைப் படியுங்கள். பிபி என்றிருந்து, கடைக்காரர் "பிரைமர்லாம் வேணாம் சார், அப்படியே அடிங்க" என்றால், காசைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புங்கள்.