எதிர்வீட்டு அங்கிளும் ஏழாவது கிளிக்கும்

பந்திங்கில் ஆட்டத்துக்குத் தனி மரியாதை உண்டு. இந்த ஊர் சிடேக் சகோதரர்கள் 1980-களின் தொடக்கத்தில் பூப்பந்தின் இறகைத் தட்டி ஒரு சர்வீஸ் போட்டார்கள். பந்து தள்ளாடிக்கொண்டே போகும். எந்தப் பக்கம் மட்டையை நீட்டுவது என்று தெரியாமல் எதிராளியும் தள்ளாடுவார். கடைசியில் அனைத்துலகச் சம்மேளனமே அதைத் தடை செய்தது. ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் கொள்கலன் லோரி உரசிப் போகும்போதெல்லாம் என் மோட்டாரும் அதே ஆட்டம் போடுகிறது. இதைத் தடை செய்ய எந்தச் சம்மேளனமும் வராததால், ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கி வந்தேன்.

சாமான் சின்னதுதான். எண்ணெய் நிரப்பிய குழாய், அதற்குள் போய்வரும் தண்டு. ஒரு முனை ஃபோர்க்கில், மறுமுனை சட்டத்தில். எண்ணெய் சிறு துவாரம் வழியாகத்தான் நகர வேண்டும். அதனால் ஹேண்டலை மெல்லத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். வெடுக்கென்று உதறினால் விறைத்துக்கொள்ளும். என் மனைவியிடம் காசு கேட்பதும் இப்படித்தான்.

எங்கள் தாமானில் ஸ்பானா கீழே விழும் சத்தம் கோயில் மணிக்குச் சமம். ஆள் சேர்ந்துவிட்டது. முதலில் எதிர்வீட்டு அங்கிள். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் பார்த்தவர்.

“மொதல்ல கழுத்து பேரிங்கப் பாரு தம்பி. அது லூசா இருந்தா இத மாட்டி என்னா புண்ணியம்?”

நியாயமான பேச்சு. முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ‘டொக்’ என்று எதுவும் கேட்கவில்லை. பேரிங் நன்றாக இருந்ததில் அவருக்குத்தான் வருத்தம்.

கிளாம்பை மாட்டியதும் ஹேண்டலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தேன். தண்டு முட்டுவதற்கு முன்னால் ஹேண்டல் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் யூ-டர்ன் பாதியிலேயே முடிந்துவிடும். அதுவும் சரி.

வினையெல்லாம் இறுக்கத்தைக் கூட்டும் திருகில்தான். கிளிக் கிளிக்கென்று ஓசை வரும் எதையும் நம் ஆட்கள் சும்மா விட்டதில்லை. அங்கிள் இரண்டு கிளிக். பக்கத்து வீட்டுப் பையன், “ரேஸ் செட்டிங் அங்கிள்” என்று மூன்று. தே தாரிக் கொண்டுவந்த மச்சான், தன் பங்குக்கு இரண்டு.

ஓட்டிப் பார்த்தேன். நடை வேகத்தில் மோட்டார் நிமிர்ந்து நிற்பதே ஹேண்டல் இடம்வலமாகச் செய்துகொள்ளும் குட்டித் திருத்தங்களால்தான். ஏழு கிளிக்கில் அதற்கு வழியே இல்லை. சம்பள நாள் இரவில் வீடு திரும்புகிறவரைப் போல, சாக்கடை ஓரம்வரை போய்த் திரும்பினேன். கூட்டம் தேநீரில் மூழ்கிய நேரம் பார்த்து ஐந்து கிளிக்கைக் குறைத்தேன்.

பிறகு மோரிப் சாலை. லோரி வந்தது, காற்று அடித்தது, ஹேண்டல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. வீடு திரும்பிச் சொன்னேன்.

“பாத்தியா, முழுசா இறுக்கினதாலதான் ஆட்டம் நின்னுச்சு!” என்றார் அங்கிள்.

“ஆமாங்க அங்கிள்” என்றேன். மோட்டாருக்கு இரண்டு கிளிக் போதும். எதிர்வீட்டு உறவுக்கு ஏழும் தேவைப்படுகிறது.