மூச்சை இழு... பிடி!

கே: எக்ஸ்ரே எடுக்கும்போது 'மூச்சை இழு, பிடி' என்று ஏன் அதட்டுகிறார்கள்? (திண்டுக்கல் வாசகர்)

ப: முழு மூச்சு இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரல் நன்றாக விரியும். அரை மூச்சில் எடுத்தால் அடிப்பக்கம் நெருங்கி வெளுத்து, இல்லாத நிமோனியாவை இருப்பதாகக் காட்டும். இதயமும் பெருத்துத் தெரியும். அதட்டட்டும், விடுங்கள். இன்னொரு படத்தின் செலவு மிச்சம்!

கே: ரிப்போர்ட்டில் 'வலது மேல்பகுதியில் நிழல்' என்று போட்டிருக்கிறது. டி.பி.தானா? (ஆம்பூர் வாசகி)

ப: இருக்கலாம். என்றோ வந்து ஆறிய டி.பி.யின் தழும்பாகவும் இருக்கலாம். காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாக விழும். காற்று இருந்த இடத்தில் சீழ், நீர், கட்டி எது புகுந்தாலும் வெள்ளைதான். அந்த வெள்ளை தன் பெயரை எழுதிக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் டாக்டர் பழைய படத்தைக் கேட்கிறார். சில வருடங்களுக்கு முன்பும் அதே இடத்தில் அதே அளவில் இருந்திருந்தால், பெரும்பாலும் பழைய தழும்பு. பீரோ மேல் கிடக்கும் பிலிமைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டி.பி.யை உறுதி செய்ய சளிப் பரிசோதனை வேண்டும்.

கே: சுற்றி வளைக்காமல் நேராக சி.டி. எடுத்துவிட்டால்? (கோவை வாசகர்)

ப: மார்பு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட். சாதாரண மார்பு சி.டி. என்றால் அதைப்போல அறுபது, எழுபது மடங்கு. இதயத்துக்குப் பின்னால் பதுங்கிய சிறு கட்டி, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சந்தேகம் வந்தால் தயங்காமல் எடுக்க வேண்டியதுதான். பல வருடம் விடாமல் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. உண்டு. எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் அது நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 சதவீதம் குறைத்ததாக 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சிகரெட்டை விட்டால் இன்னும் மலிவு.

கே: எக்ஸ்ரே 'நார்மல்'. டாக்டரோ ஆஸ்துமா என்கிறார். யாரை நம்புவது? (நாகர்கோவில் வாசகி)

ப: டாக்டரை. ஆஸ்துமாக்காரரின் படம் பெரும்பாலும் பளிச்சென்றே இருக்கும். ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

கே: இனி கம்ப்யூட்டரே எக்ஸ்ரேயைப் படித்துவிடுமாமே? (மதுரை வாசகர்)

ப: படிக்கிறதே! 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் டி.பி.யைச் சலித்தெடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொல்லிவிட்டது. ஆனால் அதுவும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். சளியைக் கொடுத்தே ஆகவேண்டும். இரண்டு வாரமாக இருமல் விடவில்லையா? அரசு மருத்துவமனைக்குப் போங்கள், டி.பி. பரிசோதனை அங்கே இலவசம்.