கடவுச்சொல் சரி, விசைப்பலகைதான் வேறு

கேள்வி: டெஸ்க்டாப்பில் ஏற்கும் கடவுச்சொல்லை, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி வரும் கறுப்புத் திரை ஏற்க மறுக்கிறதே? (நாகல் நகர், திண்டுக்கல்)

பதில்: கடவுச்சொல்லில் @ இருக்கிறதா? அப்படியானால் சாவி சரி, பூட்டுதான் மாறியிருக்கிறது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் ஷிஃப்ட்டோடு 2-ஐத் தட்டுங்கள். அங்கே அடிப்பது கண்ணுக்குத் தெரியும். இரட்டை மேற்கோள் வந்தால், கறுப்புத் திரைக்கு பிரிட்டிஷ் விசைப்பலகை அமைந்துவிட்டது. நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. டெஸ்க்டாப்புக்குத் திரும்பி, எட்சி கோப்புறையின் டீஃபால்ட்டுக்குள் இருக்கும் ‘கீபோர்டு’ கோப்பைத் திறந்து, லேஅவுட் வரியில் ‘ஜிபி’யை ‘யுஎஸ்’ ஆக்குங்கள்.  பிறகு கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். டெபியன், உபுண்டு இரண்டுக்கும் இதே வழிதான்.

கேள்வி: பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதற்கு? (வத்தலக்குண்டு)

பதில்: சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியன் வழி வந்தது. மேலே சொன்னதே போதும்.

கேள்வி: கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது. அதன் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு இடம் உண்டாமே. நம் 247 எழுத்துக்கு அது போதாதா? (சின்னாளபட்டி)

பதில்: அருமையான கணக்கு! ஆனால் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், அடுத்து கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். லினக்ஸின் கறுப்புத் திரை, வந்த வரிசையிலேயே ஒரு கட்டத்தில் ஒரு குறியை வைத்துவிட்டுப் போகும். முன்பின் மாற்றிச் சேர்க்கத் தெரியாது. டெஸ்க்டாப்பில் அந்த வேலையைச் செய்யத் தனி நிரல் இருக்கிறது. தமிழை அங்கே எழுதுங்கள். கறுப்புத் திரையிலும் தமிழ் வரவேண்டும் என்பதே என் ஆசை. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் கை வைக்கவேண்டிய இடம் இது.

கேள்வி: தமிழ்99 தேர்ந்தேன். புள்ளி தானாக வரவில்லை. (நிலக்கோட்டை)

பதில்: நீங்கள் தேர்ந்தது வெறும் விசை வரைபடம். அதற்கு ஒரு தட்டுக்கு ஒரு குறி. முன் எழுத்து எது என்று அது பார்க்காது. ஐபஸ் எம்17என் பொதியை நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐச் சேருங்கள். ‘திண்டுக்கல்’ என்பதற்கு ஒன்பதே தட்டு. ணகரத்துக்கும் ககரத்துக்கும் புள்ளி தானாக விழும். கடைசி லகரத்துக்கு மட்டும் நீங்கள் வைக்கவேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த இந்த அமைப்பைவிட விரலுக்கு இதமானதை நான் கண்டதில்லை.

கேள்வி: தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். பழைய தட்டச்சு அமைப்பு லினக்ஸில் கிடைக்குமா? (பேகம்பூர்)

பதில்: அதே எம்17என்னில் ‘டைப்ரைட்டர்’ என்றே இருக்கிறது. கைப்பழக்கம் உள்ளவர்கள் தாராளமாகத் தொடரட்டும். ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாளே தமிழ்99 சொல்லிக்கொடுங்கள், ஐயா.