குப்பைக்கும் சோறு போடும் சர்வர்

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்காக ஓர் இணையதளம் வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தாலே அதிகம். ‘அளவுக்கு மேல் பயன்படுத்துகிறீர்கள்’ என்று ஹோஸ்டிங்காரர்கள் நிறுத்திவிட்டார்களே, ஐயா?
*— சுங்கை சிப்புட் வாசகர்*

பதில்: அந்த இருபது பேர் மனிதர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவர்களை நீங்கள் எண்ணவில்லை! உங்கள் ‘தொடர்புக்கு’ படிவத்தை ஸ்பேம் பாட் ஒன்று (குப்பைச் செய்தி அனுப்பும் தானியங்கி நிரல்) நிரப்பி அனுப்புகிறது. உடனே சர்வரில் பி.எச்.பி. ஓடுகிறது, டேட்டாபேஸ் திறக்கிறது, குப்பை அதில் பதிவாகிறது, உங்களுக்கு ஒரு மின்னஞ்சலும் கிளம்புகிறது. பழைய வாத்தியார் எழுதினாலும் பாட் எழுதினாலும் சர்வருக்கு அதே வேலைதான்.

மலிவு ஹோஸ்டிங் என்பது லயத்துப் பொதுக் குழாய் மாதிரி. ஒரே இயந்திரத்தைப் பல தளங்கள் பங்குபோடுகின்றன. ஒருவரே குடம் நிரப்பிக்கொண்டு இருந்தால் அடுத்தவருக்குத் தண்ணீர் ஏது? அதனால்தான் சிபியு, மெமரி எல்லாவற்றுக்கும் கணக்குக்கு இவ்வளவு என்று வரம்பு. அவர்களைக் கோபிக்காதீர்கள்.

கேள்வி: ஃபில்டர் போட்டிருக்கிறோம். எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குத்தானே போகிறது?
*— பத்து காஜா வாசகி*

பதில்: பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சர்வர் வாசித்தாயிற்றே, அம்மா! செலவு செலவுதான். லாலாங் புல்லை மேலாக வெட்டினால் கண்ணுக்குத்தான் மறையும். மண்ணுக்கடியில் அதன் தண்டு பால்மரக் கன்றின் சத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோட்டங்களில் கன்றுகளுக்கு நடுவே கொடிப்பயிர் படரவிட்டது, லாலாங் தலையெடுக்கவே கூடாது என்பதற்காகவும்தான். நீங்களும் வாசலிலேயே மறியுங்கள். படிவத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்று வையுங்கள். அதை நிரப்புவது பெரும்பாலும் பாட்தான். டேட்டாபேஸைத் தொடவிடாமல் துரத்திவிடலாம். ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை முறைதான் என்றும் கட்டுப்படுத்துங்கள்.

கேள்வி: அனுப்புகிறவனைப் பிடித்தால் தீராதா?
*— ஈப்போ வாசகர்*

பதில்: 2008 நவம்பரில் அமெரிக்காவில், ஸ்பேம் கும்பல்களுக்கு இடம் கொடுத்த மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தார்கள். உலகத்து ஸ்பேம் மின்னஞ்சல் பாதிக்கு மேல் குறைந்தது. சில மாதங்களில் பழையபடி!

கேள்வி: பேசாமல் தளத்தை மூடிவிடலாமா?
*— மீண்டும் சுங்கை சிப்புட் வாசகர்*

பதில்: கூடாது. பால்மரம் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அந்தக் காலத்துப் பள்ளிப் படங்களோ இன்னும் உங்கள் தளத்தில் இருக்கின்றன. முதலில் அவற்றுக்கு வீட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒன்றை உட்காரவைத்து, ராத்திரியில் யார் வருகிறார்கள் என்று சர்வர் பதிவேட்டை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.