இழந்த எண்ணின் இலக்கணம்: தொலைத்தொடர்பு விற்பனைப் பணி நீங்கியோர் பிழைக்கும் முறை பற்றிய ஆய்வு

வேலை இழந்தவர் எதை இழக்கிறார் என்ற கேள்விக்குப் பொருளியலார் ஊதியம் என்றும், உளவியலார் தன்மதிப்பு என்றும், மாமனார் வீட்டார் புத்தி என்றும் விடை கூறிவந்துள்ளனர். இம்மூன்றும் பிற தொழில்களுக்குப் பொருந்தலாம். ஆனால் கைப்பேசிச் சேவை நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டவர் முதலில் இழப்பது பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணையே என்பதும், ஏனைய இழப்புகள் அதிலிருந்து கிளைப்பவையே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஆய்வின் எல்லை தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டம். அதற்குள்ளும் திருச்சிராப்பள்ளி போன்ற, கடைகளும் வெயிலும் நெருக்கமாக அமைந்த நகரங்கள் சிறப்பாகக் கருதப்படுகின்றன.

முதலில் கலைச்சொற்கள். 'பீட்' என்பது விற்பனையாளர் வாரத்தின் எந்த நாளில் எந்தத் தெருவின் எந்தக் கடைகளை மிதிக்க வேண்டும் என்று வகுத்துத் தரப்படும் வழித்தடம்; திங்கள் உறையூர், செவ்வாய் பாலக்கரை, புதன் பொன்மலை என்று அது தேரோட்டம் போல வலம் வரும், இழுப்பவரும் உள்ளே இருப்பவரும் ஒருவரே என்பதுதான் வேறுபாடு. 'டார்கெட்' என்பது மாதத்தின் முதல் நாளில் மேலிருந்து இறங்கும் எண். அது எந்தக் கணக்கின்படி பிறந்தது என்பதை மேலிருப்போர் தமக்கு மேலிருப்போரிடமும், அவர்கள் தமக்கு மேலிருப்போரிடமும் கேட்டுக்கொள்ளச் சொல்வதால் அதன் ஊற்றுக்கண் இன்னும் ஆய்வுக்கு எட்டவில்லை. 'கமிட்மென்ட்' என்பது காலைக் கூட்டத்தில் "இன்னிக்கு எத்தனை?" என்ற கேள்விக்கு விற்பனையாளர் சொல்லும் விடை, அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நேற்றுச் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தால் போதும். நான்காவது 'சியூஜி': ஊழியர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்று நிறுவனம் தன் பெயரிலேயே எடுத்துக் கையில் கொடுக்கும் இணைப்பு. முதல் மூன்றும் வேலையோடு ஒழிந்துவிடுகின்றன. கனவில் வரும் டார்கெட்டை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. சிக்கல் முழுவதும் நான்காவதில் அடங்கியிருக்கிறது.

இந்தத் தொழில் எப்படித் தோன்றிற்று என்பதைச் சற்றுப் பார்க்கலாம். 1995 ஜூலை 31-இல் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு மத்திய அமைச்சர் சுக்ராமுடன் நாட்டின் முதல் கைப்பேசி உரையாடலை நடத்திய காலத்தில் வருகிற அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. எனவே கைப்பேசி வைத்திருந்தவர் அது ஒலித்தால் மகிழ்ந்தவரல்லர், அஞ்சியவர். 2003-இல் உள்வரும் அழைப்பு இலவசமான பின்பே அது தெருவுக்கு வந்தது; தெருவுக்கு வந்த பொருளுக்குத்தான் தெருவில் நிற்கும் ஆள் தேவை. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி, அதாவது 'போர்ட்' செய்யும் உரிமை, நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது; அன்றிலிருந்து ஒருவர் விற்றதை மற்றவர் இழுப்பதும், இழுத்ததை முன்னவர் திரும்ப இழுப்பதுமாக, ஒரே வாடிக்கையாளர் இருவருடைய டார்கெட்டிலும் மாறி மாறிப் பிறவியெடுக்கத் தொடங்கினார். 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்து பேச்சையும் டேட்டாவையும் இலவசமாக வழங்கியபோது, விலை சொல்லி விற்கக் கற்றிருந்த ஒரு தலைமுறை விலையில்லாப் பொருளின் முன் வாயடைத்து நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கியும் தாமே மடிந்தும் குறைந்தன, 2018 ஆகஸ்ட் 31-இல் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றானபோது, அதுவரை ஒரே டீக்கடையில் எதிரெதிர் பெஞ்சில் அமர்ந்திருந்தவர்கள் ஒரே பெஞ்சுக்கு வந்தனர், பெஞ்சு நீளவில்லை.

இவற்றுள் ஆய்வாளர் நின்று நோக்க வேண்டிய நிகழ்ச்சி 2018 பிப்ரவரியில் ஏர்செல்லின் வீழ்ச்சி. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த அந்நிறுவனத்தின் சிக்னல் மாநிலம் முழுவதும் விழுந்தபோது, மக்கள் வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான எட்டு எழுத்துக் குறியீட்டைக் கேட்டுக் கடைகளை முற்றுகையிட்டனர். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தப்பிக்க ஒரு குறியீடு இருந்தது; அதை வாங்கித் தந்துகொண்டிருந்த விற்பனையாளருக்கு அப்படி ஒன்று இல்லை. இந்த ஆய்வின் வித்து இங்கேதான் கிடக்கிறது.

இனி எண்ணுக்கு வருவோம். பணி நீக்கத்தின்போது விற்பனையாளர் அடையாள அட்டை, மழைக்கும் வெயிலுக்கும் உதவிய நிறுவனக் குடை, விற்காத சிம் அட்டைகள் ஆகியவற்றோடு சியூஜி இணைப்பையும் ஒப்படைக்க வேண்டும். ஏழெட்டு ஆண்டுகள் ஓர் எண்ணிலேயே பேசிப் பழகியவர் வேறொரு எண்ணும் வைத்துக்கொள்வதை வீண் செலவாகக் கருதியிருப்பார். ஆகவே வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு, மகளின் பள்ளிக்கூடக் குழு, கல்யாணத் தரகர், நகைக்கடைச் சீட்டு எல்லாம் அந்த எண்ணிலேயே தொங்கும். வைப்பு நிதியை எடுக்க முயல்கிறவருக்கு, ஆதாருடன் இணைந்த எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பப்பட்டுள்ளதாக அறிவிப்பு வரும். அது உண்மையாகவே அனுப்பப்பட்டிருக்கும். மேலாளரின் மேசை இழுப்பறைக்குள் ஒரு சிறிய ஒலியுடன் அது சென்றடைந்தும் இருக்கும்.

அந்த எண்ணைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று வாசகர் கேட்கலாம். ஆயிரக்கணக்கானோருக்குப் போர்ட் செய்து கொடுத்த கை அது. விதிகளை அதைவிட நன்கு அறிந்த கை வேறில்லை. நிறுவனத்தின் பெயரில் உள்ள எண்ணை மாற்ற அந்நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்பதும் அந்தக் கைக்குத் தெரியும். கடிதம் தர வேண்டியவர் முந்தின நாள்தான் வேறொரு கடிதத்தைத் தந்திருக்கிறார் என்பதும் தெரியும். போர்ட் விண்ணப்பத்தை மறுப்பதற்குரிய காரணங்களாக விதிகள் கூறுபவற்றுள் கட்டண நிலுவை, சேர்ந்து 90 நாள் ஆகாமை, ஒப்பந்தக் கடப்பாடு ஆகியவை உண்டு. இவை அப்படியே அடுத்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு கேட்கும் கேள்விகளாகவும் இருப்பது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று: பழைய இடத்தில் பாக்கி இல்லையே? ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறுகிறீர்கள்? ரிலீவிங் லெட்டர் எங்கே?

90 என்ற எண் இத்துறையில் பெறும் இடம் தனி ஆய்வுக்கு உரியது. புதிய இணைப்பு 90 நாள் ஆன பின்பே போர்ட் செய்யத் தகுதி பெறுகிறது. பயன்படுத்தப்படாத ப்ரீபெய்டு சிம் 90 நாளில் செயலிழக்கும் நிலைக்கு வருகிறது. செயலிழந்த எண்ணை வேறொருவருக்கு வழங்கவும் குறைந்தது 90 நாள் பொறுக்க வேண்டும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமல் இ.எஸ்.ஐ.யில் இருந்து வேலை இழந்தோருக்கென 2018 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த நிவாரணத் திட்டமும், சராசரி தினக்கூலியில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்கே வழங்குகிறது. நம்மவர் நோன்புக்கு வகுத்த மண்டலம் 48 நாள். இரண்டு மண்டலத்துக்கு ஆறு நாள் குறைவாக, மனிதரும் சிம்மும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். வேறுபாடு ஒன்றே: சிம்முக்குச் செயலிழக்கும் முன் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வரும்.

மாநில அரசின் உதவித்தொகை இங்கே குறிப்பிடத்தக்கது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் கிடைக்கும். காத்திருப்பையும் ஒரு தகுதியாக மதிக்கும் அத்திட்டம், நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தவரைக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே பணி நீங்கியவர் கையிருப்பைக் கொண்டே காலம் தள்ள வேண்டும். அதை அவர் தாம் அறிந்த ஒரே முறையில், வேலிடிட்டியாகக் கணக்கிடுகிறார். இவருடைய துறையில் பெரும்பான்மைத் திட்டங்களின் மாதம் 28 நாள். அதனால் வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு 13 மாதங்கள் வருகின்றன. 30 நாள் கொண்ட திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட நேர்ந்தது. இந்தப் பதின்மூன்றாம் மாதத்தை "அது அப்படித்தான் அண்ணே" என்று சிரித்துச் சமாளித்தவர், இப்போது வீட்டு வாடகையும் வண்டித் தவணையும் 28 நாளுக்கு ஒருமுறை வருவதாக உணர்கிறார். தவணை கேட்டு வரும் குரலில் பழைய தொழிலின் பயிற்சி தெரியும். கேட்பவருக்கும் மாத இறுதி என்பதை இவர் இரண்டாம் சொல்லிலேயே கண்டுகொள்வார்.

உடலில் தெரியும் குறிகளும் சில உண்டு. அழைப்பு எதுவும் இல்லாதபோதே தொடைப் பகுதியில் கைப்பேசி அதிர்வதாகத் தோன்றுவது அவற்றுள் முதன்மையானது. எந்தக் கடையைக் கடந்தாலும் அதன் முகப்பில் எந்த நிறுவனத்தின் பலகை, ஓரம் கிழிந்ததா, மாற்ற வேண்டியதா என்று கண் போவது மற்றொன்று. ஆனால் கடுமையானது நண்பகல். ஐந்திணைகளுள் பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை. அதற்குரிய சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. விற்பனையாளர் பல ஆண்டுகளாக நண்பகலை வீட்டில் கண்டதில்லை; அவருக்கு அது ரீசார்ஜ் கடை வாசலில், கடைக்காரர் சாப்பிட்டுத் திரும்பும் வரை குடிக்கும் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு. வீட்டில் இருக்கும் நண்பகலில் மின்விசிறிக்கு ஒரு தனிச் சத்தம் இருப்பதும், மனைவி மூன்று மணிக்குச் சற்றுப் படுப்பதும், தாம் இருப்பதால் அன்று படுக்கவில்லை என்பதும் அவருக்குப் புலப்படுகின்றன. எனவேதான் பலர் வழக்கம்போல் எட்டரை மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்பிவிடுகின்றனர். வீட்டார் நம்புகின்றனர் என்று அவர்கள் நம்புவதாக வீட்டார் நடிப்பது, நம் குடும்ப அமைப்பின் நுட்பங்களுள் ஒன்று.

வெளியே காத்திருப்பது "தம்பி, இப்ப எங்க இருக்கீங்க?" என்ற கேள்வி. 'என்ன செய்கிறீர்கள்' என்று கேளாமல் 'எங்கே' என்று கேட்பதற்குக் காரணம், தமிழ் வழக்கில் வேலை ஓர் இடம் என்பதே. இதற்கு "மாறிட்டேன்", "சொந்தமா ஒண்ணு பார்த்துட்டிருக்கேன்" என இரு விடைகள் பெருவழக்காக உள்ளன. இரண்டாவதைச் சொல்கிறவர் அதை மெய்யாக்க வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகி, புறநகர் மனைப்பிரிவு விற்கவோ காப்பீட்டு முகவராகவோ போகிறார், அங்கேயும் காலைக் கூட்டத்தில் "இன்னிக்கு எத்தனை?" என்கிறார்கள். உணவு கொண்டுசேர்க்கும் பணிக்குப் போகிறவருக்குக் கூட்டமில்லை; கேள்வியைச் செயலி கேட்கிறது. பழைய பீட்டில் நட்பான கடைக்காரர் ஒருவரின் கல்லாவில் உட்கார்ந்து, நிறுவனத்திலிருந்து வரும் புதிய பையனிடம் "ஸ்டாக் இருக்கு தம்பி, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்ல வாய்த்தவரே இவர்களுள் பேறு பெற்றவர்.

இறுதியாக, எண் திரும்பும் முறை. ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை இருக்கலாம் என்பது விதி. மாத இறுதி நெருக்கடிகளின் விளைவாக, கைப்பேசியே இல்லாத அப்பத்தாவின் பெயரில் ஆறும் அம்மாவின் பெயரில் எட்டும் இருப்பதாக விற்பனையாளர் குடும்பங்களில் கணக்கு வரும். அவற்றுள் ஒன்றையாவது உயிர்ப்பிக்கலாம் என்று அலமாரியைத் துழாவுகிறவர், அவை எல்லாம் முன் சொன்ன 90 நாள் விதிப்படி எப்போதோ மாண்டவை என்பதை அறிந்து, சத்திரம் பேருந்து நிலையத்தருகே நிறுவனக் குடை விரித்து நிற்கும் ஓர் இளைஞரிடம் செல்கிறார். அந்த இளைஞர் சொல்லப்போகும் ஒவ்வொரு வாக்கியமும் அவருக்கு மனப்பாடம். இருந்தும் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டு, வேண்டாத திட்டம் ஒன்றுக்கும் தலையசைத்து, ஆதாரை நீட்டிக் கைரேகை வைத்து, தொழிலில் சேர்ந்த பின் முதன்முறையாக வாடிக்கையாளர் ஆகிறார். அன்று மாதத்தின் 29-ஆம் தேதியாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குவதும் உண்டு.

பழைய சியூஜி எண்ணுக்கு எந்தக் காத்திருப்பும் கிடையாது. மறுநாளே அது அடுத்த விற்பனையாளரின் சட்டைப்பைக்குப் போய்விடுகிறது. கடைக்காரர்கள் அதை ஆளின் பெயரில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரில் பதிந்திருப்பதால் பலருக்கு ஆள் மாறியதே தெரிவதில்லை. ஆயினும் உறவினர்களும், கல்யாணத் தரகரும், நகைச்சீட்டுக்காரரும் அந்த எண்ணை அழித்துப் புதிய எண்ணைப் பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். அதை இப்போது எடுப்பவருக்கு இந்த மாதம் இன்னும் நாற்பது சிம் பாக்கி இருக்கிறது.