ஐந்து பவுண்டு பாக்கி

1847ஆம் வருடம், லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற பதிப்பாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு கையெழுத்துப் பிரதியை எடுத்து உட்கார்ந்தார். நண்பரைப் பார்க்கப் போக வேண்டியது. வரவில்லை என்று சீட்டு எழுதி அனுப்பினார். மத்தியானத்துக்கு ரொட்டித் துண்டை இருந்த இடத்துக்கே கொண்டுவரச் சொன்னார். ராத்திரி படுப்பதற்குள் படித்து முடித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. அக்டோபரில் அது ‘ஜேன் அயர்’ என்று புத்தகமாகவே வெளிவந்துவிட்டது.

அந்த மகராசன் ஒரே நாளில் முடித்த புத்தகம்தான் எனக்கு அரியர் வைத்தது.

கோட்டைப்பட்டினத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தது, உண்மையைச் சொன்னால், கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளத்தான். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் நண்டும் இறாலும் கரைக்கு வந்துவிட்டால் தலைநிமிர நேரமிருக்காது. அதனால் மீன்பிடித் தடைக்காலத்தை நம்பினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; நாவலில் 38 அத்தியாயம். நாளுக்கு ஒன்று படித்தாலே 23 நாள் மிச்சம். அந்த மிச்சத்தை முதலில் செலவழித்துவிடுவோம் என்று முடிவு செய்ததில்தான் என் படிப்பு தொடங்கியது.

அந்த வருடம் நோன்பும் தடைக்காலமும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஜேன் படிக்கும் லோவுட் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தீய்ந்துபோன கஞ்சி ஊற்றும் இடத்துக்கு வந்தபோது அசர் தொழுகை நேரம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொதிக்கிற வாசனை. ஜேனுடைய கஞ்சியை மூடி வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றவன், பெருநாள் கழியும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோதும் என் கண்ணில் பட்டதெல்லாம் பணம்தான். லோவுட்டில் வருடத்துக்கு 15 பவுண்டு சம்பளம் வாங்கிய பெண், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, தார்ன்ஃபீல்டு வீட்டில் 30 பவுண்டுக்கு வேலை பிடிக்கிறாள். ஒரே தாவலில் இரட்டிப்பு! (நான் ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டால் டீசல் விலை தெரியுமா என்பார்கள்.) பிறகு, சாகக் கிடக்கும் மாமியைப் பார்க்க ஊருக்குப் போகிறேன் என்று வந்து நிற்கிறாள். முதலாளி ராச்செஸ்டர் அவளுக்குத் தர வேண்டியது 15 பவுண்டு. ஐம்பது பவுண்டு நோட்டை நீட்டுகிறார். சில்லறை இல்லை என்கிறாள். சில்லறை வேண்டாம், வைத்துக்கொள் என்கிறார். கூடுதலாக வாங்க மாட்டேன் என்கிறாள். கடைசியில் பத்து பவுண்டைக் கொடுக்கிறார். நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் ‘பாக்கி 5’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அம்மாவுக்குத் தினமும் கொஞ்சம் கதை சொல்வது வழக்கம். படித்ததாகக் காட்டிக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஆணத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், “பெரிய பணக்காரன்மா, அஞ்சு பவுனு பாக்கி வச்சுட்டான்” என்றேன்.

“பாக்கி வச்சாத்தானடா திரும்பி வருவா” என்றது அம்மா. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

போய்ப் புரட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து வாங்கிக்கொள் என்று அந்த ஆளே சொல்லியிருக்கிறார். அது காதல் கட்டம். நான் பற்று வரவு பார்த்திருக்கிறேன்.

மாடியில் பூட்டிவைத்த மனைவி விஷயம் வெளியாகிக் கல்யாணம் நின்றதைச் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மொதப் பொண்டாட்டி இருக்கறத மறைச்சா கல்யாணம் பேசுனான்? ஜமாத்துல யாரும் விசாரிக்கலையா?” சர்ச்சிலேயே வக்கீல் எழுந்து ஆட்சேபித்ததைச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன். பாதி நாள் நாவலை நான் படித்தேனா, அம்மா படித்ததா என்பது சந்தேகம்தான். தேர்வுக்கு அம்மாவை அனுப்பியிருக்கலாம்.

ஏனென்றால், கடைசி அத்தியாயங்களுக்குள் தடைக்காலம் முடிந்துவிட்டது. மிச்சத்துக்குக் கைடு ஒன்று, யூடியூபில் ‘சாந்தி நிலையம்’ ஒன்று. 1969இல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த படம். ஜேன் அயரைத் தழுவியது என்று யாரோ சொன்னார்கள். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கும் அதில் கலந்திருப்பதை யாரும் சொல்லவில்லை. காஞ்சனாவைச் சுற்றி ஒரு பட்டாளம் குழந்தைகள் ஆடிப் பாடுகின்றன. நாவலில் ஜேன் பாடம் சொல்லிக்கொடுப்பது அதேல் என்ற ஒரே பெண்ணுக்கு. நான் விடைத்தாளில் அந்த வீட்டையே பாலர் பள்ளியாக்கிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. பாதிரியார் செயின்ட் ஜான், ஜேனை மனைவியாக இந்தியாவுக்குக் கூட்டிப்போக நினைத்து இந்துஸ்தானி படிக்கவைக்கிறார். தங்கையாக வேண்டுமானால் வருகிறேன், மனைவியாக வர மாட்டேன் என்று அவள் மறுத்துவிடுகிறாள். இந்துஸ்தானி வரைக்கும்தான் நான் படித்திருந்தேன். தேசபக்தி பொங்க, அவளைக் கப்பலேற்றி இந்தியாவில் இறக்கி, ஏழைகளுக்குச் சேவை செய்யவைத்து இரண்டு பக்கம் எழுதினேன். ஆசிரியர் குறிப்பில் கரர் பெல் என்பவரை, நாவலை எழுதிய சார்லட் பிராண்டியின் போட்டி எழுத்தாளர் என்றேன். அது சார்லட்டே வைத்துக்கொண்ட புனைபெயர்.

சரியாக எழுதியது ஒன்று உண்டு. சித்தப்பா விட்டுப்போன 20,000 பவுண்டை ஜேன் தன் அத்தை பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்து நாலாகப் பிரித்து, ஆளுக்கு 5,000 கொடுக்கிறாள். அதற்கு அட்டவணையே போட்டிருந்தேன். இங்கே வெளிநாட்டுக் காசில் கட்டிய வீட்டுக்குப் பாகப்பிரிவினை என்றால் எத்தனை பஞ்சாயத்து நடக்கும் என்று பார்த்தவனுக்கு, நாவலிலேயே நம்ப முடியாத கட்டம் அதுதான்.

அரியரோடு அடுத்த தாளையும் சேர்த்து எழுத வேண்டும். அதில் ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’. 86 அத்தியாயம், தடைக்காலமோ அதே 61 நாள். இந்த முறை ஒரு முன்னேற்பாடு செய்துவிட்டேன். ஜார்ஜ் எலியட்டும் பெண்தானாம்.