பாக்கி இல்லாத உத்தமர்

வரி பாக்கிக்காரர்களை வழிக்குக் கொண்டுவர நகராட்சிகள் ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தும். குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று நோட்டீஸ் விடும். பண்ருட்டியில் அதைவிட வலுவான மருந்து 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்மன்றத் தேர்தல். நகராட்சிக்கு பாக்கி வைத்தவர் கவுன்சிலர் ஆக முடியாதே! வீட்டுவரி ரசீது இல்லாமல் வேட்புமனுப் பக்கம் போக முடியுமா?

எம்.எல்.ஏ. ஆக நினைப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. வேட்பாளர் தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் வரி பாக்கியை ஒளிக்காமல் எழுதினால் போதும். கட்டியாக வேண்டும் என்றில்லை. பலாத்தோப்பும் முந்திரிக்காடும் தரும் வருமானத்துக்கோ வருமான வரியே கிடையாது. பிறகென்ன, பளிங்கு போன்ற கணக்கு.

அமெரிக்காவில் டாம் டாஷல் என்ற அரசியல்வாதி, நண்பர் தந்த காரையும் டிரைவரையும் வருமானத்தில் காட்ட மறந்தார். வட்டியோடு சுமார் 1.4 லட்சம் டாலர் கட்டினார். அப்படியும் 2009-இல் அமைச்சர் பதவிக்கான பரிந்துரையிலிருந்து விலக வேண்டியதாயிற்று. அதே ஆண்டில், தானும் வரி பாக்கி வைத்துக் கட்டிய டிமோதி கெய்ட்னர் நிதியமைச்சரே ஆனார். வரித்துறையும் அவர் கையில். டாஷல் பாவம், பண்ருட்டியாக இருந்திருந்தால் ரசீதைக் காட்டி வார்டுக்கு நின்றிருப்பார்.